எனக்குப் பாடம் தெரியாது, மகளை எப்படிப் படிக்கவைப்பது?

கேள்வி: ஐயா, நாங்கள் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. விடிந்ததும் கம்பெனி வண்டியில் போனால் ராத்திரி ஏழரைக்குத்தான் வருவார். மூத்த மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம், இப்போது ஒன்பதாவது. சின்னவனுக்கு ஆறு வயது. எட்டாவது வரை மகள் நன்றாகப் படிக்கிறாள் என்றே நினைத்திருந்தோம். காலாண்டில் கணக்கில் 31, அறிவியலில் 38 வாங்கியிருக்கிறாள். நான் ஏழாவதோடு நின்றவள், அவள் புத்தகத்தைப் பார்த்தால் ஒன்றும் புரிவதில்லை. ராத்திரி பத்தரைக்குப் படுத்தாலும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி உட்காரவைக்கிறேன். எப்போது கேட்டாலும் "படிச்சினுதாம்மா இருக்கேன்" என்கிறாள். சாயங்காலம் வந்ததும் கூடமாட பீடி முனை மடித்துத் தருவாள், தம்பியைப் பார்த்துக்கொள்வாள், அப்புறம் படிப்பாள். டியூஷனுக்கு மாதம் 700 ரூபாய் கேட்கிறார்கள். அனுப்பலாமா? நாத்தனார் மகள் பத்தாவதில் 462 வாங்கியதைச் சொல்லிச் சொல்லித் திட்டுகிறேன், பயனில்லை. பத்தாவது முடித்தால் போதும், கம்பெனியில் சேர்த்துவிடலாம் என்கிறார் இவள் அப்பா. படிக்காத அம்மா என்ன செய்ய முடியும்? கணக்கு விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விடைத்தாளை அனுப்பினீர்கள் பாருங்கள், அதுவே பாதி வேலை. எனக்கு வருகிற கடிதங்களில் மதிப்பெண் இருக்கும், விடைத்தாள் இருக்காது. 31 என்ற எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் மகளைப் பற்றி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த 31 எங்கே வந்தது, மீதி 69 எங்கே போனது என்பது தாளில்தான் இருக்கிறது. ஆகவே டியூஷனுக்குப் போகும் முன் தாளைப் பார்த்துவிடுவோம்.

கணமொழிக் (செட்ஸ்) கேள்விகளில் பெரும்பாலும் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கணங்களை வட்டங்களால் காட்டும் வென்படங்களை அழகாக வரைந்து நிழலிட்டிருக்கிறாள். புதிதாக வந்த பாடத்தை வகுப்பில் கவனித்திருக்கிறாள் என்று அர்த்தம். சரிவு இயற்கணிதத்தில் ஆரம்பிக்கிறது. x + 2 என்பது x³ − 2x² − 5x + 6 என்ற கோவைக்குக் காரணியா என்று ஒரு கேள்வி. x-க்குப் பதில் −2 போட வேண்டும், விடை பூச்சியம் வந்தால் காரணி. இது ஒன்பதாம் வகுப்புப் பாடம், இதை உங்கள் மகள் சரியாகச் செய்திருக்கிறாள். −2 போட்டிருக்கிறாள், வரிசையாக எழுதியிருக்கிறாள். ஆனால் −2-இன் வர்க்கத்தை −4 என்று எழுதிவிட்டாள். அது 4. அந்த ஒரு இடத்தால் −8 வரவேண்டிய இடத்தில் +8 வந்து, கடைசியில் பூச்சியத்துக்குப் பதில் 16 வந்து, "காரணி அல்ல" என்று முடித்திருக்கிறாள். அடுத்த பக்கத்திலும் இதே தடுமாற்றம்: −7 − 5 என்பதை −12 என்பதற்குப் பதில் −2 என்கிறாள். இன்னோர் இடத்தில் 5√2 வரவேண்டிய √8 + √18 என்பதை √26 ஆக்கிவிட்டாள்.

இந்த மூன்று தப்புகளில் முதல் இரண்டும், ஆறாம் ஏழாம் வகுப்பில் வரும் முழுக்கள் (கழித்தல் குறி எண்களும் சேர்ந்தவை) பாடத்தில் விட்ட ஓட்டை. கழித்தல் குறி வந்தாலே கை தடுமாறுகிறது. எட்டாவது வரை எல்லோரும் தேர்ச்சி என்பதால் அந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. (எல்லோரையும் தேர்ச்சி போடுவது தவறு என்று நான் சொல்லவரவில்லை. பத்து வயதுப் பிள்ளையை ஃபெயிலாக்கி வீட்டில் உட்காரவைப்பது அதைவிட மோசம். ஓட்டையை அந்தந்த வருஷம் அடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.) ஒன்பதாவதில் எல்லாக் கணக்கும் அந்தக் குறியின் மேலேயே நிற்பதால் மொத்தமும் ஆடுகிறது. மகளுக்கு மூளை குறைந்துவிட்டதாகவோ சோம்பல் வந்துவிட்டதாகவோ நினைத்துவிடாதீர்கள்.

கடைசிப் பக்கம் காலியாக இருப்பதையும் கவனித்தேன். செய்முறை வடிவியலைத் தொடவே இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 100 மதிப்பெண்ணில் 16, இந்த வடிவியலுக்கும் வரைபடத்துக்கும்தான், ஒவ்வொன்றுக்கும் 8. கணக்கு வராத பிள்ளைகளும் கை பழகினால் வாங்கிவிடக்கூடிய மதிப்பெண் அது. அவள் ஏன் விட்டாள் என்று கேளுங்கள். "டைம் இல்லை" என்பாள், அது உண்மையாகவும் இருக்கலாம். காம்பஸை எடுத்து ஒருமுறை வட்டம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். திருகு தளர்ந்து, பென்சில் ஆடி, தொடங்கிய இடத்தில் வட்டம் வந்து சேராத காம்பஸ்கள் நம் பிள்ளைகளின் பெட்டிகளில் நிறைய உண்டு. அப்படியென்றால் வேறு வாங்கிக் கொடுத்துவிடுங்கள், டியூஷனைவிடக் குறைந்த செலவு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். படிக்காத அம்மா என்ன செய்ய முடியும்?

"படிச்சினுதாம்மா இருக்கேன்" என்று அவள் சொல்வது பொய் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் படித்ததும் தெரிந்ததும் ஒன்றல்ல. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் கண்ணுக்குப் பழகிப்போகும். பழகினதும் "இது எனக்குத் தெரியும்" என்று மனசு சொல்லிவிடும். தேர்வில் புத்தகம் இருக்காது, அங்கே போய்த்தான் தெரியவில்லை என்று தெரியும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சில மாணவர்கள் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். வேறு சிலர் படித்துவிட்டுத் தாளை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது மூடிவைத்து எழுதியவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். காலாண்டுத் தேர்வு ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை.

ஆகவே வீட்டில் யாராவது ஒருவர் அவளைப் புத்தகத்தை மூடவைத்து, "சரி, இப்போ சொல்லு" என்று கேட்க வேண்டும். அதற்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்றுகூடச் சொல்வேன். பாடம் தெரிந்த அப்பா அம்மாக்கள் பிள்ளை இரண்டு வரி தடுமாறினால் பொறுக்கமாட்டார்கள், தாங்களே முழுதும் சொல்லி முடித்துவிடுவார்கள். உங்களுக்கு அந்த ஆபத்து இல்லை.

ஒரு சின்ன உபாயம். அவளுடைய பள்ளியிலோ பக்கத்துத் தெருவிலோ தமிழ் வழியில் ஒன்பதாவது படித்து முடித்த பிள்ளையிடம் அறிவியல், சமூக அறிவியல் பழைய புத்தகங்களை வாங்கிவையுங்கள். கிடைக்கவில்லையென்றால் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் பாடம் ஒன்றுதான். அதே தலைப்பு, அதே படம், அதே கேள்வி. அவள் ஆங்கிலத்தில் படித்ததை உங்களிடம் தமிழில் சொல்லட்டும், நீங்கள் தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேளுங்கள். கடிதம் இவ்வளவு கோவையாக எழுதுகிறவருக்கு அதைப் படிப்பது கஷ்டமே இல்லை.

உதாரணத்துக்கு, பாய்மங்கள் பாடத்தில் அழுத்தம் என்று ஒரு பகுதி வருகிறது. ஆங்கிலத்தில் அதன் வரையறையை அவள் மனப்பாடமாக ஒப்பிப்பாள். ஒப்பிக்கட்டும். அப்புறம் நீங்கள் கேளுங்கள்: "நான் பீடி இலை வெட்டுற கத்திரி மழுங்கிட்டா ஏன் வெட்டமாட்டேங்குது? அதே கைதானே, அதே பலம்தானே?" அவள் யோசிப்பாள். கூர்மையாக இருக்கும்போது அந்த விசை மிகக் குறைந்த பரப்பில் விழுகிறது, அதனால் அழுத்தம் அதிகம், வெட்டுகிறது. மழுங்கினால் பரப்பு கூடிவிடுகிறது, அழுத்தம் குறைந்துவிடுகிறது. இதை அவள் தன் வாயால் உங்களுக்குச் சொல்லிவிட்டாள் என்றால் அந்தப் பகுதி அவளுக்கு வந்துவிட்டது. அப்புறம் அதை ஆங்கிலத்தில் எழுதுவது பழக்கத்தில் வந்துவிடும். சொல்ல வரவில்லையென்றால் இன்னும் நல்லது, எங்கே திரும்பப் படிக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துபோகும்.

அந்த நேரத்தில் ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். "தெரியலம்மா" என்று அவள் சொன்னால் முகம் சுளிக்கக் கூடாது. "இவ்வளவு நேரம் என்னத்தைப் படிச்சே?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், மறுநாளிலிருந்து தெரியாததை மறைக்கக் கற்றுக்கொள்வாள். தெரியாததை மறைத்துத்தான் எட்டாவது வரை வந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும், ஒரு நாளைக்கு ஒரு பாடம். முந்தாநாள் சொன்னதிலிருந்து ஒரு கேள்வியும் இடையில் போடுங்கள்.

ஆங்கில வழியையே மாற்றிவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் கட்சி தமிழ் வழிதான். ஆறாவதில் கேட்டிருந்தால் தமிழ் வழியிலேயே விடுங்கள் என்றிருப்பேன். ஒன்பதாவதின் நடுவில் மாற்றச் சொல்லமாட்டேன். கலைச்சொல் எல்லாம் மாறும், அதைப் பழகுவதற்குள் பத்தாவது வந்து நிற்கும்.

அடுத்து அந்த நான்கு மணி. விடியலில் படித்தால் மனதில் நிற்கும் என்பது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிற நம்பிக்கை. இந்த ஊர் வெயிலுக்கு விடியற்காலைதான் கொஞ்சம் குளிர்ச்சி என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பத்தரைக்குப் படுத்து நான்குக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. படித்தது நினைவில் இறுகுவதே தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படிப்பைக் கூட்டினால் கூட்டினதும் தங்காது. கழித்தல் குறியைத் தவறவிடுவதில்கூடத் தூக்கக் குறைவுக்குப் பங்கு இருக்கலாம். ஒன்பதரைக்குப் படுக்கட்டும், ஐந்தரைக்கு எழட்டும். எழுந்ததும் பள்ளிக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் பழைய கணக்கு நாலு போட்டால் போதும்.

ஒன்பதரைக்குப் படுக்க வேண்டுமென்றால் சாயங்கால நேரம் வேண்டும். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரிக்கு இங்கேதான் வருகிறேன்: "கூடமாட பீடி முனை மடித்துத் தருவாள்."

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் மகளின் மதிப்பெண்ணுக்கு மிக நெருக்கமான வரி அதுதான் என்று எனக்குப் படுகிறது. பள்ளி விட்டு வந்து, தம்பியைப் பார்த்து, முனை மடித்து, சாப்பிட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது மணி எட்டரை. நாள் முழுக்கப் பள்ளியில் உட்கார்ந்த பிள்ளைக்கு அந்த நேரத்தில் x-உம் ஓடாது y-உம் ஓடாது. அவள் மடித்துத் தருவதால் உங்களுக்குச் சில கட்டுகள் கூடும், அந்தக் கூலி உங்கள் வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அதை நிறுத்தச் சொல்கிறேன். நேரத்துக்காக மட்டும் இல்லை. புகையிலைத் தூள் பக்கத்தில் அந்தப் பிள்ளை உட்காரவே கூடாது. குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1986-ஆம் ஆண்டுச் சட்டமே பிள்ளைகளுக்கு ஆகாத வேலைகளில் பீடித் தொழிலைப் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. நம்முடைய பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பீடி சுற்றிய பிள்ளைகளை மீட்டுப் படிக்கவைக்கத் தனிப் பள்ளிகளே நடத்த வேண்டியிருந்தது. உங்கள் மகள் அந்த நிலையில் இல்லை, பள்ளிக்குப் போகிறாள், அம்மாவுக்கு ஒத்தாசை செய்கிறாள். ஒத்தாசைக்கு வேறு வேலை கொடுங்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவட்டும், ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கட்டும்.

ஐந்தரையிலிருந்து ஏழே கால் வரை அவளுடைய நேரம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் கடைக்கு அனுப்பக் கூடாது, தம்பியும் அவள் பொறுப்பில்லை. சின்னவனைச் சமாளிப்பது உங்களுக்குப் பெரும்பாடுதான், பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ கிடைத்தால் பாருங்கள். முழுசாகக் கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரமாவது கிடைக்கட்டும். கேள்வி கேட்கிற இருபது நிமிஷத்தை பீடி முறத்தை எடுத்துவைத்தபின், சாப்பாடு முடிந்து அடுப்படியில் வைத்துக்கொள்ளுங்கள்.

டியூஷன் விஷயம். இப்போதைக்கு வேண்டாம், அரையாண்டு வரை பொறுங்கள் என்பது என் கருத்து. பல டியூஷன்களில் பள்ளியில் நடக்கும் பாடத்தையே இன்னொரு முறை போர்டில் போடுவார்கள், பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்பதாவது இல்லை, ஏழாவது. பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சேர்க்கும் முன் அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். எல்லாக் கணக்கும் அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக இருந்தால் வேண்டாம், அது பார்த்து எழுதிய நோட்டு. தப்பாகப் போட்டு, சுழித்து, பக்கத்திலேயே திரும்பப் போட்டிருந்தால் அங்கே யாரோ உண்மையாகச் சொல்லித் தருகிறார்கள். எல்லாப் பாடத்துக்கும் சேர்க்க வேண்டாம், கணக்குக்கு மட்டும்.

அதற்கு முன் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. கணக்கு டீச்சரைப் போய்ப் பாருங்கள். பெற்றோர் கூட்டம் போடும் நாளில் போனால் நாற்பது பேருக்கு நடுவில் "நல்லாப் படிக்கச் சொல்லுங்கம்மா" என்ற ஒரு வரிதான் கிடைக்கும். வேறொரு நாள் சாயங்காலம், பள்ளி விடும் நேரத்தில், விடைத்தாளோடு போங்கள். "என் பொண்ணு எப்படிப் படிக்கிறா?" என்று கேட்காதீர்கள், அதற்கு அவரால் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். இப்படிக் கேளுங்கள்: "டீச்சர், கழித்தல் குறி வந்தா தப்பு பண்றா. ஏழாவது கணக்குப் புத்தகத்திலிருந்து தினம் கொஞ்சம் போட்டுட்டு வந்தா, வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துத் தருவீங்களா?" இவ்வளவு குறிப்பாக ஒரு அம்மா வந்து கேட்டால் மறுக்கிற ஆசிரியர் அபூர்வம். படிக்காதவள் என்று நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம். அடிப்படையில் பின்தங்கிய 6 முதல் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு 'திறன்' என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. அந்த வகுப்பில் இவளையும் சேர்க்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். அதில் சேர்வது அவமானம் என்று மகள் முரண்டு பிடிக்கலாம். தாளைக் காட்டி, "உனக்கு ஒன்பதாவது பாடம் வருது, ஏழாவதுல ஒரு இடம் மட்டும் விட்டுப்போச்சு" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

முழுக்களும் பின்னமும் சரியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகாது. விட்டுப்போன மற்றதை மே மாதம் பார்த்துக்கொள்ளலாம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து பள்ளி திறக்கும்வரை கிடைக்கும் நாட்களில் பத்தாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே ஓட்டாதீர்கள். பழையதைக் கெட்டிப்படுத்துங்கள்.

செல்போன் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. வீட்டில் ஒரு போன்தான், அதுவும் அப்பாவிடம் என்று ஊகிக்கிறேன். அப்படியே இருக்கட்டும். பாடத்தில் ஏதாவது புரியவில்லையென்றால் தமிழக அரசின் மணற்கேணி செயலியில் பாட வீடியோக்கள் இருக்கின்றன, அப்பா வந்தபின் கொஞ்ச நேரம் பார்க்கலாம். வீடியோ பார்த்ததும் படித்த கணக்கில் சேராது, அதையும் மூடிவைத்துச் சொல்ல வேண்டும்.

நாத்தனார் மகளின் 462-ஐ விட்டுவிடுங்கள். பயனில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், நான் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒப்பிட வேண்டுமென்றால் காலாண்டுத் தாளையும் அரையாண்டுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 31 வெறும் 40 ஆகியிருந்தாலும், குறித் தப்பு ஆறிலிருந்து இரண்டாகியிருந்தால் அது பெரிய முன்னேற்றம்.

கடைசியாக அவள் அப்பா. கம்பெனி வேலையை மட்டமாகப் பேசி அவரோடு வாதிக்காதீர்கள், அவர் அந்த வேலையில்தான் இந்தக் குடும்பத்தை நிறுத்தியிருக்கிறார். பத்தாவதோடு போனால் மெஷினில் உட்காரலாம். டிப்ளமோவோ டிகிரியோ முடித்துப் போனால் அதே கம்பெனியில் வேறு நாற்காலி கிடைக்கும், இது அவருக்கே உங்களைவிடவும் என்னைவிடவும் நன்றாகத் தெரியும். யார் யார் எந்த வேலையில் இருக்கிறார்கள், என்ன படித்தவர்கள் என்று அவரிடமே கேட்டு, மகள் முன்னால் சொல்லவையுங்கள். செலவுதான் கவலை என்றால், ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு அதனாலேயே கிடைப்பவை சில உண்டு. கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஊரை விட்டு அனுப்பப் பயம் என்றால் குடியாத்தத்திலேயே அரசு திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறது, வேலூரில் அரசு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. இடையில் பத்தாவதோடு நிறுத்தினால் இதில் பெரும்பகுதி கைவிட்டுப் போகும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இதெல்லாம் பின்னால் வருவது. இந்த வருஷமே வாங்கக்கூடியது ஒன்று இருக்கிறது. பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் நல அமைப்பு கல்வி உதவித்தொகை தருகிறது. வகுப்பையும் படிப்பையும் பொறுத்து ஆண்டுக்கு 1,000 ரூபாயிலிருந்து 25,000 வரை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொரு வருஷமும் கடைசித் தேதி வைப்பார்கள். உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கடிதத்தில் தெரியவில்லை. இல்லையென்றால், நீங்கள் பீடி ஒப்படைக்கும் கடையில் கேட்டு, பக்கத்தில் உள்ள பீடித் தொழிலாளர் மருந்தகத்தில் விசாரியுங்கள். இருந்தால், அட்டையில் உங்கள் பெயர் எழுதியிருக்கிற விதமும் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் இருக்கிற விதமும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தால்கூட விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும், அதைத் திருத்திக்கொண்டு பிறகு இ-சேவை மையத்துக்குப் போங்கள்.